நாலு பருவத்துக்கும் ஒரே டயர்

மியாசாகி
அக்டோபர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

சாகியே வணங்கி எழுதுகிறேன். இங்கே இன்னும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் அகிதா மலையில் இதற்குள் இலை சிவந்திருக்கும். உங்கள் உடம்பும் அத்தை உடம்பும் எப்படி இருக்கின்றன? நாங்கள் இருவரும் நலம். உங்கள் மகனுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது, வேறு குறை இல்லை. போனில் நான் கத்த, நீங்கள் "ஆ? ஆ?" என்று கேட்க, இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் இனி கடிதம்தான்.

ஒரு விஷயம். கோபித்துக்கொள்ளக் கூடாது.

போன வருடம் நவம்பரில் நாங்கள் வந்திருந்தபோது கொட்டகையிலிருந்து பனி டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து, ஜாக்கி போட்டு, நீங்களே மாட்டினீர்கள். மூன்றாவது டயரைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தீர்கள். "ஒண்ணுமில்லம்மா, சும்மா உட்கார்ந்தேன்" என்றீர்கள். சும்மா உட்காருகிறவர் முகம் அப்படி வெளுக்குமா? வசந்தத்தில் மறுபடி கழற்றி, இலையுதிர்ந்ததும் மறுபடி மாட்டி, எத்தனை வருடத்துக்கு இந்தக் கூத்து?

கோடை டயர் தேய்ந்துவிட்டது, இந்த வருடம் புதிது வாங்க வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் இங்கே ஒரு டயர் கடைக்குப் போய் ஒரு மதியம் முழுக்க அந்தக் கடைக்காரர் உயிரை வாங்கினேன். கோடை டயரின் ரப்பர் குளிரில் கல்லாகிவிடுமாம். பனி டயர் ரப்பர் மென்மையாம், வெயிலில் ஓட்டினால் சீக்கிரம் தேயுமாம். இரண்டுக்கும் நடுவில் நாலு பருவத்துக்கும் ஆகிற டயர் ஒன்று வந்திருக்கிறது. பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் போட்ட முத்திரை உண்டு, அதாவது பனியிலும் ஓடும் என்று பரீட்சை வைத்துத் தேறியது. ஒரு தடவை மாட்டினால் தேயும்வரை கழற்ற வேண்டாம். உங்கள் டவுனில் இருக்கும் டயர் கடைக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். அவர்களே மாட்டித் தருவார்கள், நீங்கள் காரோடு போனால் போதும்.

கல்யாணமான வருடம் துணி ஷூவோடு வந்து உங்கள் வாசலிலேயே மல்லாந்து விழுந்த தெற்கத்திக்காரி நான். பனி அள்ளப் போய் மண்வெட்டியை உடைத்தவளும் நான்தான். அந்த வீட்டுக்கு உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
சாகியே


தோமினோசாவா
அக்டோபர் 20

சாகியேவுக்கு மாமா எழுதுறது.

நான் சௌக்கியம். அறுவடை முடிஞ்சு வயலெல்லாம் மொட்டையாக் கிடக்கு. காலையில கூரை மேல உறைபனி வெள்ளையாப் படிய ஆரம்பிச்சாச்சு. நீயும் மசநோரியும் சௌக்கியமா இருக்கீங்கன்னு படிச்சு சந்தோஷம். அவன் தொப்பைக்கு ஒரு மண்வெட்டி அனுப்பட்டுமா?

டயர் வந்துது, மாட்டியாச்சு. கடைக்கார அம்மா முத்திரையைப் பார்த்துட்டு, "தாத்தா, வருஷம் பூரா இதேதானா? இங்கேயா?"ன்னு கேட்டாங்க. "என் மருமகள் வாங்கி அனுப்பினது"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க எதுவும் கேக்கலை. வண்டி ரோட்டுல சத்தமே இல்லாம போகுது. மழையில ஓட்டிப் பார்த்தேன், நல்லாப் பிடிக்குது. மருமகள் கையால டயர் வாங்கின ஆள் இந்த ஊர்ல வேற யாருமில்லை, அதனால வழியில பார்த்தவங்க கிட்டயெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்லிட்டேன்.

பழைய பனி டயரைப் பக்கத்து வீட்டு இவாமாகிட்ட குடுத்துட்டேன். அவனும் அதே குட்டிக் கார்தான் வச்சிருக்கான். இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்கும் அது. "வச்சுக்கோயேன்டா, எதுக்கும் ஆகும்"னு அவன் சொன்னான். கொட்டகையில அதை அடுக்கி வச்சுட்டு இதை ஓட்டினா, குடுத்தவளை நம்பலைன்னு ஆயிடும். நீ வசந்தத்துல வந்து பார்த்தா என்ன நினைப்பே? அதான் குடுத்துட்டேன்.

உன் அத்தை பரவாயில்லை. பேச்சு இன்னும் வரலை. ஆனா சாயங்காலம் நான் கணவாய் தாண்டி டவுன் முதியோர் இல்லத்துக்குப் போய் உட்கார்ந்தா என் கையால நல்லாச் சாப்பிடுறா. நேத்து பூசணிக்காய் வேகவச்சு எடுத்துட்டுப் போனேன், மிச்சம் வைக்கலை. மத்தவங்க ஊட்டினா உதட்டை இறுக்கிக்கிறா. "உங்க வீட்டம்மாவுக்கு உங்க கை மட்டும்தான் தெரியுது தாத்தா"ன்னு அந்த இல்லத்துல வேலை பார்க்கிற ரினின்னு ஒரு பொண்ணு, இந்தோனேசியாவுலேர்ந்து வந்தது, சொல்லிச் சிரிக்குது. எனக்குப் பெருமையா இருந்துது, மறைக்க மாட்டேன்.

புது அரிசி ஒரு மூட்டை அனுப்பியிருக்கேன். தண்ணி கொஞ்சம் குறைச்சு வை.

உடம்பைப் பார்த்துக்கோ.
தோகுஜி


மியாசாகி
நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

அரிசி வந்தது. முதல் நாள் குழம்பு கூட வைக்காமல் உப்பு போட்டு உருண்டை பிடித்தே சாப்பிட்டோம். உங்கள் மகன் மூன்றாவது கிண்ணம் கேட்டபோது தொப்பையைக் காட்டினேன், அப்படியும் கேட்டார். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

டயர் பற்றி நீங்கள் எழுதியதை நான் நாலு தடவை படித்தேன். பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர்களிடமும் படித்துக் காட்டினேன். "மாமனாருக்கு டயர் வாங்கிக் குடுத்த மருமகளை நாங்க பார்த்ததே இல்லை" என்றார்கள். தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

முதல் பனி விழுந்ததா? விழுந்ததும் எழுதுங்கள். பனியில் அது எப்படி ஓடுகிறது என்று எனக்கு விவரமாக வேண்டும். உங்கள் மகனிடம் கேட்டால், "அப்பா சொல்வார்" என்று பேப்பருக்குள் புகுந்துகொள்கிறார். பனியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதைப் பற்றிப் பேச இவ்வளவு சோம்பல்.

அத்தைக்குப் பூசணிக்காய் பிடிக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

அன்புடன் வணங்கி,
சாகியே


தோமினோசாவா
டிசம்பர் 5

சாகியேவுக்கு.

பதில் எழுதத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. முள்ளங்கியைப் புகை போட்டு ஊறவைக்கிற வேலை. கையெல்லாம் புகை நாத்தம். இங்க பனி முழங்காலுக்கு வந்தாச்சு. நான் சௌக்கியம். நீங்க ரெண்டு பேரும் சளி கிளி பிடிக்காம இருங்க.

டயருக்கு ஒரு குறையும் இல்லை. பனியில பிடிக்குது.

இப்போ நடக்கிறது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. தினமும் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன். ஒரு பக்கம் பனியை வழிச்சுப் பாதை விட்டிருக்காங்க. முட்டி வலி கூடக் குறைஞ்ச மாதிரி இருக்கு. இவாமா பனி வாருற வண்டி ஓட்டுறான் இல்லையா, சாயங்காலம் அந்த மஞ்சள் விளக்கோட கணவாய் ஏறுறது என் ஜன்னல்லேர்ந்து தெரியும்.

உன் அத்தையை நல்லாப் பார்த்துக்கிறாங்க. நல்ல இடம் அது. அறையில கதகதப்பா இருக்கு.

முள்ளங்கி ஊறினதும் அனுப்புறேன். மசநோரிக்கு ரொம்பப் பிடிக்கும்.

தோகுஜி


மியாசாகி
டிசம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

வருடக் கடைசி நெருங்குகிறது. நீங்கள் நலம் என்று படித்து நிம்மதி. நடப்பது நல்லதுதான், ஆனால் வழுக்கும் இடத்தில் நடக்காதீர்கள். இங்கே எல்லோரும் நலம்.

பனியில் பிடிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. பரவாயில்லை, ஆண்கள் எழுதும் லட்சணம் அதுதான். கடிதத்தை உங்கள் மகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார், வெளியே போய் சிகரெட் பிடித்தார். "என்னங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை, குளிருது" என்றார். இங்கே குளிராவது ஒன்றாவது.

அத்தை என்ன சாப்பிட்டார் என்று இந்தத் தடவை நீங்கள் எழுதவில்லை. மற்ற எல்லாம் எழுதியிருந்தீர்கள், அது மட்டும் இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

அத்தைக்கு ஒரு சிறு சால்வை பின்னி அனுப்புகிறேன். சாப்பிடும்போது தோளில் போடுகிற அளவு. ஒரு ஓரத்தில் கண்ணி தவறிவிட்டது, பார்த்தும் பார்க்காதது போல இருங்கள். நீங்களே போட்டுவிட்டு, பொருத்தமாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

புது வருடம் நல்லதாக வரட்டும்.

சாகியே


தோமினோசாவா
ஜனவரி 5

சாகியேவுக்கு, மசநோரிக்கு, புது வருஷ வாழ்த்து.

அரிசிப் பணியாரம் போட்ட சூப்பு வச்சேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைக்கணும்னு இன்னும் கை பழகலை, மூணு நாள் அதையே சாப்பிட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்லை. நீங்க ரெண்டு பேரும் சௌக்கியமா இருக்கணும்.

சால்வை வந்துது. இவாமா டவுனுக்குப் போனப்ப குடுத்துவிட்டேன். அவளுக்கு அந்த ஊதா நிறம் ரொம்பப் பொருத்தமா இருக்குன்னு சொன்னாங்க. கண்ணி தவறினதை யாரும் பார்க்கலையாம்.

சாப்பாடு பத்திக் கேட்டிருந்தே. கஞ்சி, மீன், அவிச்ச காய், எல்லாம் வேளாவேளைக்குக் குடுக்கிறாங்க.

பனி இந்த வருஷம் அதிகம். கூரையில ஏறித் தள்ள ஆள் வச்சுக்கிட்டேன், நான் ஏறலை. பயப்படாதே.

தோகுஜி


மியாசாகி
ஜனவரி 12

மாமா,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை.

"பொருத்தமா இருக்குன்னு சொன்னாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் சாயங்காலம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிற உங்களுக்கு யார் வந்து சொல்ல வேண்டும்? அத்தை என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று எழுதுகிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் மாமா.

இல்லத்துக்குப் போன் செய்தேன். என்னை மன்னியுங்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை. ரினிதான் பேசியது. பனி விழ ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில்தான் வருகிறீர்களாம். வரும்போது மதியச் சாப்பாடு முடிந்து அத்தை தூங்கிக்கொண்டிருப்பாராம். ராச்சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி பஸ் போய்விடுமாம். "தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார், மணியைப் பார்ப்பார், எழுந்து போயிடுவார்" என்றது அந்தப் பெண். அத்தை இரண்டு கரண்டிக்கு மேல் வாயைத் திறப்பதில்லையாம், இளைத்துவிட்டாராம்.

கார் என்ன ஆயிற்று? உங்களுக்கு ஏதாவது அடிபட்டதா? எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வருவேன், துணி ஷூவோடு.

சாகியே


தோமினோசாவா
பிப்ரவரி 2

சாகியேவுக்கு.

உன் கடுதாசியை வச்சுக்கிட்டு ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தேன். எழுதி எழுதிக் கிழிச்சேன். நீ வர வேண்டாம். உடம்புக்கு எனக்கு ஒண்ணும் ஆகலை.

நவம்பர் கடைசியில ஒரு சாயங்காலம், கணவாய் மேல, தேவதாருக் காட்டுத் திருப்பத்துல வண்டி கையை விட்டுப் போச்சு. நான் பிரேக்கை லேசாத்தான் தொட்டேன். வண்டி ஒரு சுத்து சுத்தி, கம்பித் தடுப்புல பின்பக்கம் தட்டி, வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்னுச்சு. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு எடுத்துட்டுப் போன பூசணிக்காய்தான் சீட்டெல்லாம் கொட்டிப் போச்சு. இறங்கிக்கூடப் பார்க்கலை. அப்படியே ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில விட்டவன்தான், இன்னும் எடுக்கலை. டாக்ஸி இந்த மேட்டுக்கு வராது. இவாமா சாயங்காலமானா பனி வாரப் போயிடுறான். அதான் பஸ்ஸு.

தப்பு வண்டி மேல இல்லை, டயர் மேலயும் இல்லை. எனக்கு வயசாயிடுச்சு. எழுபத்தெட்டு வயசுல கை மந்தமாயிடுச்சு, கண்ணும் முன்ன மாதிரி இல்லை. இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் நடந்திருக்கும். லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். டவுன் போலீஸ் ஸ்டேஷன்ல கிழவன் கிழவிங்கல்லாம் குடுக்கிறாங்க, குனிஞ்சு வணங்கி வாங்கிக்கிறாங்களாம். வர்ற வாரத்துக்கு அடுத்த செவ்வாய் பஸ்ஸுல போறப்ப குடுத்துடுவேன். காரையும் வித்துடலாம்.

உன்கிட்ட மறைச்சது தப்பு. இந்த வயசுல சறுக்கி விழுந்ததைச் சொல்ல வெட்கமா இருந்துது, வேற ஒண்ணுமில்லை. மசநோரிகிட்ட பக்குவமாச் சொல்லு.

தோகுஜி


மியாசாகி
பிப்ரவரி 7

அன்புள்ள மாமாவுக்கு,

லைசென்ஸைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். கடிதம் தாமதமாகுமோ என்று பயந்து இவாமா அவர்களுக்கும் போன் செய்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை உங்கள் மகனிடம் கொடுத்து, "உங்கப்பாவுக்கு கை மந்தமாயிடுச்சாமே" என்றேன். அவர் படித்தார். பிறகு, "அப்பா கை மந்தமாகலை" என்றார்.

"பின்னே?"

"அந்த டயரைப் போட்டுக்கிட்டு எங்க ஊர்ல யாரும் அந்தக் கணவாய் ஏற மாட்டாங்க. புதுப் பனியில அது ஓடும். வண்டிங்க போய்ப் போய்ப் பனி மெருகேறிக் கண்ணாடி மாதிரி ஐஸாகும் பாரு, அதுல நிக்காது. அதுக்குப் பனி டயர்தான். சின்னப் பிள்ளைக்குத் தெரியும் எங்க ஊர்ல."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ வாங்கின அன்னிக்கே."

"அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ அவ்வளவு சந்தோஷமா வந்து சொன்னே சாகியே. எப்படிச் சொல்றது? அப்பா பழைய டயரை வச்சிருப்பாரு, குளிருக்கு அதை மாட்டிக்குவாருன்னு நினைச்சேன். இவாமாவுக்குக் குடுத்துட்டேன்னு எழுதினாரு பாரு, அப்போ சொல்லியிருக்கணும். அப்பா சொல்லுவாரு, அப்பா சொல்லுவாருன்னு இருந்துட்டேன்."

நான் அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலை மூடிக்கொண்டார். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரைத் திட்டி என்ன? எனக்கு டயர் விற்ற கடைக்காரரும் என்னைப் போலப் பனியில் வண்டி ஓட்டிப் பழகாதவர். பனி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்த இரண்டு தெற்கத்திக்காரர்கள் சேர்ந்து உங்களைக் கணவாய் மேல் அனுப்பினோம். ஒரு வார்த்தை உங்களிடம் கேட்டிருந்தால் போதும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள், ஆச்சரியப்படுத்தலாம் என்று கேட்கவில்லை. சமையலறையில் வேறு பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்பது அதைவிடப் பெரிது. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று அவர் இளைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் நான் இங்கே உங்கள் கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

உங்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. மருமகள் மனம் நோகக் கூடாது என்று லைசென்ஸையே கொடுக்கத் துணிந்தீர்களே, அது என்ன மரியாதை? என்னை வீட்டுப் பெண்ணாக நினைத்திருந்தால், "அடி கழுதை, இது இங்கே ஓடாது" என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், எந்த டயர், என்ன அளவு, யாரிடம் வாங்க வேண்டும். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பொய் சொல்லாமல் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

வெட்கத்துடன்,
சாகியே


தோமினோசாவா
பிப்ரவரி 16

சாகியேவுக்கு மாமா எழுதுறது.

நான் சௌக்கியம். இது நிஜம். நீங்க ரெண்டு பேரும் சண்டையை முடிச்சுட்டீங்கன்னு நம்புறேன். மசநோரியை ரொம்பத் திட்டாதே, அவன் என் பிள்ளைதானே, வேற எப்படி இருப்பான்?

திங்கட்கிழமை காலையில இவாமா என் வீட்டுக்குள்ள ஷூவைக் கூடக் கழட்டாம வந்து, என் நல்ல காதுகிட்ட வாயை வச்சு, "உன் மருமகள் என்னைப் போன்ல அழவிட்டா, எழுந்து வாடா வெளியே"ன்னு கத்தினான். வெளியே போனா, அவன் கார் மரக்கட்டை மேல நிக்குது. நாலு சக்கரமும் இல்லை. என் பழைய பனி டயரை எல்லாம் கழட்டி என் வாசல்ல உருட்டி விட்டிருக்கான்.

"உனக்கு இது வேணும்னு எனக்கு டிசம்பர்லயே தெரியும்டா"ங்கறான்.

"தெரிஞ்சா குடுக்கிறதுதானே?"

"எப்படிக் குடுக்கிறது? குடுத்தா உன் மருமகள் வாங்கினது உதவாதுன்னு உன் மூஞ்சிக்கு நேரே சொன்ன மாதிரி ஆகாதா? நீயா கேப்பேன்னு பார்த்தேன். நீ கல்லு மாதிரி ஜன்னல்ல உட்கார்ந்திருக்கே."

ரெண்டு கிழவனும் பனியில நின்னு ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிட்டோம். அப்புறம் சேர்ந்து மாட்டினோம். அவனுக்குப் பனி வாருற வண்டி இருக்கு, எனக்குப் புதுசு வர்ற வரைக்கும் கார் இல்லாம ஒரு வாரம் ஓட்டிக்குவான்.

நீ பொய் சொல்லாம எழுதச் சொன்னே. எழுதுறேன். உன் டயர் மழையில நல்லாப் பிடிக்குது. புதுசா விழுந்த பனியிலயும் பிடிக்குது. ஐஸ்ல பிடிக்கலை. இது எனக்கு மாட்டின அன்னிக்கே தெரியும். தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். பெரிய மனுஷத்தனம்னு அதுக்குப் பேர் வச்சுக்கிட்டேன். இன்னொரு செட்டு வாங்கலாம்னு டயர் கடை வாசல் வரைக்கும் போனேன், ரெண்டு தடவை. மருமகள் குடுத்தது ஆகலைன்னு அந்த அம்மாகிட்ட சொல்லணுமே, சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரியுமேன்னு திரும்பி வந்துட்டேன். என் மருமகளை யாரும் சிரிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். ஊர் பூரா வண்டியை நிறுத்திப் பெருமை அடிச்ச என்னைச் சிரிப்பாங்களேன்னுதான் பயந்தேன், அதுதான் உண்மை. வெட்கம் பிடுங்கித் திங்குது.

உன் டயரை ஏப்ரல்ல மாட்டிக்கிறேன், நவம்பர் வரைக்கும் அதுலதான் ஓட்டுவேன். குளிருக்கு அதே டவுன் கடையில பனி டயர் ஒரு செட்டு சொல்லியாச்சு, நானே போய்ச் சொன்னேன். கழட்டி மாட்டுறதையும் அங்கேயே பண்ணிக்கிறேன், இடுப்புக்குக் கேடு வேண்டாம். லைசென்ஸ் என் பையிலதான் இருக்கு.

இனி உன்கிட்ட மறைக்கிறதில்லைன்னு ஆயிட்டதால இதையும் எழுதணும்.

அன்னிக்கு சாயங்காலமே கணவாய் தாண்டினேன். தேவதாருக் காட்டுத் திருப்பத்துல வண்டி அசையலை. போய்ச் சேர்றப்ப ராச்சாப்பாடு ஆரம்பிச்சிருந்துது. உன் அத்தை உன் சால்வையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நான் பக்கத்துல உட்கார்ந்து, கஞ்சியை ஆத்தி, கரண்டியை வாய்கிட்ட கொண்டு போனேன். அவ உதட்டை இறுக்கிக்கிட்டா. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கினுயோ, நான்தான்னு சொன்னேன். அவ என்னைப் பார்க்கலை, கதவைப் பார்த்துக்கிட்டு இருந்தா. ரினி உள்ள வந்து, என் கையிலேர்ந்து கரண்டியை வாங்கினவுடனே வாயைத் திறந்தா. கிண்ணம் காலியாகிற வரைக்கும் சாப்பிட்டா.

ரினியால என் முகத்தைப் பார்க்க முடியலை. "இன்னிக்கு ரொம்பப் பசி போல, அதான் தாத்தா"ன்னுச்சு. அந்தப் பொண்ணும் நம்ம ஊர்க்காரங்க மாதிரி ஆயிடுச்சு.

"இல்லம்மா, என் கையை மறந்துட்டா"ன்னு சொன்னேன். சொல்லிட்டேன் சாகியே, வாயைத் திறந்து சொல்லிட்டேன்.

அவ சாப்பிடுறா, உடம்பு தேறுது, அது போதும். மறுநாளும் போனேன், இன்னிக்கும் போனேன். ரினி ஊட்டுது, நான் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிறேன்.

தோகுஜி